சப்ராசியும் வில்லைச் சேவகனும்: அலுவலகத் தூதுவரைக் குறிக்கும் சொற்களின் பொருளும் தோற்றமும்

1. முன்னுரை

அரசு அலுவலகத்தின் ஆணையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் கடைநிலைப் பணியாளரைக் குறிக்க இந்திய மொழிகளில் சொற்கள் பல வழங்குகின்றன. வங்காளத்தில் 'சப்ராசி', 'பேயாதா', 'ஹர்கரா', 'பியன்' என்பன, மராத்தியில் 'பட்டேவாலா', 'சிபாயி' என்பன, கன்னடத்தில் 'டலாயத்', தெலுங்கில் 'பண்ட்ரோத்து', தமிழில் 'சேவகன்', 'டபேதார்', 'டலாயத்து', 'பியூன்' என்பன. இருமொழி அகராதிகள் இவற்றுட் பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ ஒரே பொருளைத் தருகின்றன. அதனால், வங்காளப் புனைகதைகளைத் தமிழாக்குவோர் இவ்வனைத்தையும் 'சேவகன்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட இடமுண்டு.

ஆயின், இச்சொற்கள் வெவ்வேறு நோக்கில் பிறந்தவை. சில அப்பணியாளனின் காலை நோக்கிப் பெயரிட்டன; சில அவன் ஏந்திய படைக்கலத்தை நோக்கின; சில அவன் செய்த வேலையை நோக்கின; சில அவன் அணிந்த வில்லையை மட்டுமே நோக்கின. இந்த வேறுபாடு சொற்பிறப்பியல் ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. ஆட்சிமுறை மாறியபோது அதன் கடைநிலை ஊழியன் எவ்வாறு காணப்பட்டான் என்பதை அது காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் எதைக் காக்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது. 'சப்ராசி' என்னும் சொல்லை நடுவாகக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பாலிகஞ்சின் சொற்படிவுகள்

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச், இவ்வாய்வுக்குப் பொருத்தமான தொடக்கக் களமாகும். ஆட்சிச் சொற்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ள பகுதி அது. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'கஞ்ச்', களஞ்சியம், சந்தை எனப் பொருள்படும் பாரசீகச் சொல். அப்பகுதியின் புகழ்பெற்ற நாற்சந்தி 'பாலிகஞ்ச் பாஃடி' என வழங்குகிறது. 'பாஃடி' என்பது வங்காளத்தில் காவற்சாவடியைக் குறிக்கும். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் நிறுவிய கவர்னர் ஜெனரலின் மெய்க்காவற் குதிரைப்படையின் குடியிருப்பு வரிசைகள் பின்னாளில் இப்பகுதியில்தான் அமைந்திருந்தன. அக்குதிரைப்படையின் பதவிப் பெயர்களுள் ஒன்றான 'தஃபாதார்', தமிழகத்தில் 'டபேதார்' என்னும் வடிவில் ஆட்சியர் அலுவலகத்தின் ஏவலரைக் குறிக்கிறது. இது பின்னர் விளக்கப்படும்.

வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து 1926-இல் பெருநூல் வெளியிட்ட சுனிதி குமார் சட்டர்ஜியின் இல்லமும் இப்பகுதியைச் சார்ந்த இந்துஸ்தான் பார்க்கில் இருந்தது. வங்காளத்தில் கலந்துள்ள பாரசீகவழிச் சொற்கள் சுமார் 2,500 என அவர் மதிப்பிட்டார். ஆட்சி, வருவாய், நீதி ஆகிய துறைச் சொற்கள் அவற்றுள் சிறப்பிடம் பெறுகின்றன. 1837-இல் பாரசீகம் நீதிமன்ற மொழி என்னும் நிலையை இழந்தது; அதன் சொற்களோ அலுவலகங்களில் நிலைத்தன. 'சப்ராசி' அவ்வாறு நிலைத்த சொற்களுள் ஒன்று.

3. சப்ராசி: சொற்பிறப்பு

'சப்ராசி' என்பது 'சப்ராஸ்' என்னும் பெயரோடு உடைமை உணர்த்தும் 'ஈ' என்னும் விகுதி சேர்ந்து அமைந்தது. சப்ராஸ் என்பது அலுவலகத்தின் பெயர் பொறித்த உலோகத் தகடு. துணியாலோ தோலாலோ ஆன பட்டையில் கோத்து அணியப்படுவது. அதனை உடையவன் சப்ராசி. ஆகவே, இச்சொல்லின் அமைப்பில் செய்தி இல்லை; செல்லுதல் இல்லை; ஏவல் இல்லை. தகடு ஒன்றே உள்ளது.

'சப்ராஸ்' என்பதன் மூலம் கருத்து வேறுபாட்டிற்கு உரியது. 'இடமும் வலமும்' எனப் பொருள்படும் 'சப்-ஓ-ராஸ்த்' என்னும் பாரசீகத் தொடரின் திரிபு என்பது பலரும் கூறும் விளக்கம். பிளாட்ஸ் தம் இந்துஸ்தானி அகராதியில் (1884) இதனையே தருகிறார். யூல், பர்னெல் ஆகியோரின் ஹாப்சன்-ஜாப்சன் (1886), இதனை மக்கள் வழக்கு விளக்கமாகக் குறித்து, மூலம் தெளிவற்றது என்கிறது. கச்சையின் கொக்கி என்பதே முதற்பொருள் என்னும் பீம்ஸின் கருத்தையும் சுட்டுகிறது.

இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. கச்சையின் இடமுனையையும் வலமுனையையும் இணைப்பது கொக்கி. 'இடமும் வலமும்' என்னும் தொடர் முதலில் கொக்கிக்குப் பெயராகி, பின்னர்க் கொக்கியின் இடத்தில் அமைந்த தகட்டிற்கும், அதன்பின் தகடு அணிந்த ஆளுக்கும் ஆகியிருத்தல் கூடும். கொக்கி, தகடு, ஆள் என்னும் இம்மூன்று படிகளும் ஆகுபெயர்ப் படிகளே. ஈற்று மெய்ம்மயக்கத்தில் தகரம் கெட்டதும் பேச்சு வழக்கில் இயல்பானதே.

இச்சொல் வங்காள மாகாணத்திற்கு உரியது எனவும், சென்னையில் 'பியூன்' என்பதும் பம்பாயில் 'பட்டிவாலா' என்பதும் அதற்கு நிகர் எனவும் ஹாப்சன்-ஜாப்சன் கூறுகிறது. 'பட்டிவாலா' என்பது பட்டையை உடையவன் எனப் பொருள்படுவது. அதுவும் அணிகலத்தால் அமைந்த பெயரே.

தமிழிலும் இவ்வகைப் பெயர் உண்டு. 'வில்லைச் சேவகன்' என்னும் தொடர், அலுவலக வில்லை அணிந்த ஏவலனைக் குறித்தது. வட்டமான தட்டைப் பொருளைக் குறிக்கும் 'வில்லை' என்னும் சொல்லே தகட்டிற்கும் ஆயிற்று. அவ்வில்லையைத் தாங்கித் தோளிலிருந்து குறுக்கே செல்லும் பட்டை 'டவாலி' எனப்பட்டது. தோல்வார் எனப் பொருள்படும் 'தவால்' என்னும் பாரசீகச் சொல் இதன் மூலம். ஆகவே, 'சப்ராசி' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் இல்லை என்பது பொருந்தாது. அது அகராதியில் இருக்கிறது, ஆட்சியில்தான் அருகிவிட்டது.

4. காலால் அமைந்த பெயர்கள்: பியூன், பேயாதா

'பியூன்' என்னும் சொல் போர்த்துக்கீசிய 'பியாவுன்' என்பதிலிருந்து ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்தது. 'பே' என்றால் அம்மொழியில் கால். காலால் நடப்பவன், காலாட்படை வீரன் என்பதே சொல்லின் முதற்பொருள். வங்காளப் 'பேயாதா', இந்தி 'பியாதா' ஆகியன பாரசீகத்திலிருந்து வந்தவை. அவற்றின் பொருளும் காலாள் என்பதே. வடிவும் பொருளும் நெருங்கியிருத்தலால், 'பியூன்' என்பது 'பியாதா' என்பதன் சிதைவு எனச் சிலர் கருதினர். ஹாப்சன்-ஜாப்சன் இதனை மறுத்து, இரண்டும் ஒரே வேரிலிருந்து தனித்தனியே கிளைத்தவை எனத் தெளிவுறுத்தியது. வடமொழியின் 'பாதம்', 'பதாதி', இலத்தீனின் 'பெஸ்' ஆகியவற்றுக்கும் அதுவே வேர். ஒரே வேரிலிருந்து பிரிந்து, ஒன்று ஈரான் வழியாகவும் மற்றொன்று ஐபீரியா வழியாகவும் வந்த சொற்கள் கொல்கத்தா அலுவலகத்தில் மீண்டும் சந்தித்தன எனலாம்.

சதுரங்கப் பலகை இச்சொற்களின் பழம்பொருளைக் காத்து வைத்துள்ளது. முன்வரிசைக் காய்க்குப் பாரசீகத்திலும் இந்தியிலும் 'பியாதா', போர்த்துக்கீசியத்தில் 'பியாவுன்', ஆங்கிலத்தின் 'பான்' என்பதும் இவ்விலத்தீன் கிளையைச் சார்ந்ததே. தமிழில் 'காலாள்' என்கிறோம். அலுவலகத்தில் பணியாளராகிவிட்டவர் பலகையில் இன்றும் படைவீரராக நிற்கிறார்.

சென்னை வரலாற்றிலும் இப்பொருள் தெளிவாகத் தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டின் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளில் 'பியூன்கள்' எனப்படுவோர் மடல் சுமந்தோர் அல்லர். நகர்க்காவல் புரிந்த ஆயுதம் தாங்கிய ஆட்கள். அவர்களை வைத்துக் காவல் நடத்திய பெத்தநாயக்கரின் பெயர் பெத்துநாயக்கன்பேட்டையில் இன்றும் நிலைத்துள்ளது.

ஹாப்சன்-ஜாப்சனின் 1903 பதிப்பு மற்றொரு செய்தியையும் தருகிறது. மலேய நாடுகளில் இப்பணியாளருக்குப் 'பியூன்' என்றும் சிங்கப்பூரில் 'தம்பி' என்றும் பெயர் வழங்கியதாக அது குறிக்கிறது. காலோ, கலமோ, தகடோ இன்றி, தமிழர் ஒருவரையொருவர் விளித்த முறைப்பெயரே அங்கு அலுவலகப் பதவிப் பெயராயிற்று. அப்பணியில் யார் இருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று.

5. படைவீரன் ஏவலனாதல்

காலாளைக் குறித்த சொல் ஏவலனைக் குறித்தது தனித்த நிகழ்ச்சியன்று. தென்னிந்தியச் சொற்கள் பலவற்றில் இதே பொருள்மாற்றம் காணப்படுகிறது.

'சேவகன்' என்பது வடமொழியில் பணிபுரிவோன் எனப் பொருள்படும். தமிழிலோ அது வீரனையும் குறித்தது. 'சேவகம்' என்பது வீரத்தையும் குறித்தது. கம்பர் இராமனைச் சேவகன் என்னும்போது வீரன் என்பதே பொருள். அச்சொல் பின்னர் அலுவலக வாயிலில் நிற்கும் ஏவலனுக்கு ஆயிற்று.

'டலாயத்து' என்பது 'டால்' (கேடயம்) என்னும் இந்துஸ்தானிச் சொல்லடியாகப் பிறந்தது; கேடயம் தாங்கியவன் என்பது பொருள். கர்நாடக அரசின் கடைநிலைப் பணியிடங்களுள் 'டலாயத்' என்னும் பெயர் தொடர்ந்து வழங்கிவந்துள்ளது. தெலுங்கின் 'பண்ட்ரோத்து', வீரன் எனப் பொருள்படும் 'பண்டு' என்பதோடு உறவுடையது. மராத்தியின் 'சிபாயி', மலையாளத்தின் 'சிப்பாயி' ஆகியன படைவீரனையும் அலுவலக ஏவலனையும் ஒருங்கே குறிப்பன. இன்று ஊழியர் என்னும் பொதுப்பொருளில் வழங்கும் 'சிப்பந்தி' என்பதும், வரி தண்டவும் காவல் புரியவும் அமர்த்தப்பட்ட ஒழுங்குபெறாப் படையினரைக் குறித்த 'சிபந்தி' என்னும் சொல்லே.

'டபேதார்' என்பது 'தஃபா' (முறை, பிரிவு) என்னும் அரபுச்சொல்லும் 'தார்' (உடையவர்) என்னும் பாரசீக விகுதியும் இணைந்தது. சிறு பிரிவின் தலைவர் என்பது பொருள். பாலிகஞ்சில் தங்கியிருந்த மெய்க்காவற்படையின் வழிவந்ததே குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படை. அங்கு 'தஃபாதார்' இன்றும் படைத்துறைப் பதவி. தமிழகத்திலோ ஆட்சியருக்கும் நீதிபதிக்கும் முன்னே நடந்து வழிவிலக்குபவர் டபேதார். ஒரே சொல், ஓரிடத்தில் வாளோடும் மற்றோரிடத்தில் டவாலியோடும் நிற்கிறது.

'டபேதார்', 'டவாலி', 'டலாயத்து' ஆகிய மூன்றும் டகரத்தை முதலாக உடையன. டகரம் தமிழில் மொழிமுதலாகாது. ஆகவே இவை வந்த சொற்கள் என்பதை எழுத்தே காட்டிவிடுகிறது. முதலிரண்டின் மூலத்தில் உள்ளது பல்லொலியாகிய ஒலிப்புடைத் தகரம். தமிழ் எழுத்து முறையில் சொல்முதல் தகரம் ஒலிப்பின்றிப் படிக்கப்படும். டகரமோ வந்த சொற்களிலேயே முதலில் வருவதால் ஒலிப்புடன் படிக்கப்படும். ஒலிப்பைக் காக்கும் பொருட்டு ஒலிப்பிடம் மாறியதாகக் கொள்ளலாம்.

இத்தனை சொற்கள் ஒரே திசையில் மாறியதற்குக் காரணம் ஆட்சி வரலாற்றில் உள்ளது. வங்காளத்தில் 1793-இன் நிலையான வருவாய்த் திட்டத்தை ஒட்டி, காவற்பொறுப்பு ஜமீந்தார்களிடமிருந்து நீக்கப்பட்டது. தமிழகத்தில் 1801-இல் பாளையக்காரர் போர் முடிவுற்றதும், பாளையங்களின் படைக்கலங்களைக் களையக் கம்பெனி அரசு ஆணையிட்டது. அதன்பின் ஆட்சியின் வலிமை ஒழுங்குபெற்ற சேனையிடமும் காவல்துறையிடமும் குவிந்தது. வருவாய் அலுவலகத்தைச் சார்ந்திருந்த காலாட்களுக்கு எஞ்சியது அறிவிப்பைக் கொண்டுசெல்லுதல், ஆளை அழைத்துவருதல், வாயில் காத்தல் ஆகிய பணிகளே. தொழில் மாறியது, பெயர் மாறவில்லை. கையிலிருந்த கேடயம் போயிற்று. மார்பில் வில்லை வந்தது. அணிகலத்தால் அமைந்த 'சப்ராசி', 'பட்டிவாலா', 'வில்லைச் சேவகன்' ஆகிய பெயர்கள் அலுவலக வழக்கில் ஓங்கியது இச்சூழலில்தான் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

6. வேலையால் அமைந்த பெயர்: ஹர்கரா

'ஹர்கரா' என்பதற்கு 'ஹர்' (ஒவ்வொரு), 'கார்' (வேலை) என வில்சன் தம் ஆட்சிச்சொல் அகராதியில் (1855) பிரித்துப் பொருள் காண்கிறார். எவ்வேலையும் செய்பவன் என்பது அதன் பொருள். முகலாயர் ஆட்சியிலும் அதன்பின் தோன்றிய அரசுகளிலும் ஹர்கரா செய்தி கொண்டுசென்றவன் மட்டும் அல்லன். செய்தி திரட்டியவனும் ஆவான். தமிழில் தூது, ஒற்று எனத் திருக்குறள் இரண்டு அதிகாரங்களாக வகுத்த பணிகள் இச்சொல்லில் ஒன்றாயின. 1795-இல் கொல்கத்தாவில் தொடங்கிய ஆங்கில இதழ் 'பெங்கால் ஹர்காரு' எனப் பெயர் பூண்டது இதனாலேயே. செய்தி திரட்டிக் கொணர்பவன் என்னும் பொருள் இதழுக்குப் பொருந்தியது. அஞ்சல் துறை விரிந்தபின் வங்காளத்தில் இச்சொல் 'டாக்-ஹர்கரா' எனத் தொடராகி, அஞ்சற் பையைத் தோளில் சுமந்து ஓடுபவரைக் குறித்து நின்றது. ஒற்றன் என்னும் பொருள் மறைந்தது.

7. வில்லையின் அதிகாரம்

கௌடிலியரின் அர்த்தசாத்திரம் தூதரை மூவகைப்படுத்துகிறது: முழுப் பொறுப்புடன் தாமே பேசுவோர், வரையறுத்த பொறுப்பினர், ஆணையோலையை மட்டும் கொண்டுசெல்வோர். மூன்றாமவர் 'சாசனஹரர்' எனப்படுவர். திருக்குறளின் தூது அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகரும், தாமே வகுத்துப் பேசுவோரையும் சொல்லியதைச் சொல்வோரையும் வேறுபடுத்துகிறார். அலுவலகத் தூதுவர் இப்பகுப்பில் கடைசி வகையினர். அவருக்குச் சொந்தக் குரல் இல்லை. ஆகவே, அவர் யாருடைய ஆள் என்பதை வேறொன்று காட்ட வேண்டும். அதுவே வில்லை.

வங்காள இலக்கியம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. இராமகிருஷ்ணரின் உரையாடல்களை மகேந்திரநாத் குப்தர் தொகுத்த 'கதாம்ருதம்' (1902 முதல் 1932 வரை ஐந்து பகுதிகள்) 'சப்ராஸ்' என்னும் சொல்லை ஆன்மிகக் கலைச்சொல்லாகவே ஆள்கிறது. காமார்புகூரில் குளக்கரையை அசுத்தம் செய்வோரை ஊரார் எவ்வளவு ஏசியும் பயனில்லை. கம்பெனியின் சப்ராசி ஒருவர் வந்து தடை அறிவிப்பு ஒட்டியதும் அவர்கள் அடங்கினர். இறைவனிடமிருந்து சப்ராஸ் பெறாதவர் போதித்தாலும் எவரும் கேளார் என்பது இவ்வுவமையின் கருத்து. இங்கு ஆளின் வலிமை பொருட்டன்று. ஊராரை விட அவர் வலியவரும் அல்லர். தகட்டின் பின்னே நிற்கும் அதிகாரமே பொருட்டு.

தாகூரின் 'டாக்கர்' (அஞ்சல் நிலையம்) என்னும் நாடகத்தில் (1912) நோயுற்ற சிறுவன் அமல் அரசனின் மடலுக்காகக் காத்திருக்கிறான். அரசனின் ஹர்கராக்கள் மார்பில் வட்டமான பொன் வில்லை அணிந்து திரிவதைக் காவற்காரன் அவனுக்கு எடுத்துரைக்கிறான். வேலையால் அமைந்த பெயரும் வில்லையும் அங்கு ஒன்றுசேர்கின்றன. எளிய அஞ்சற்காரர் சிறுவனின் கண்ணில் அரசனின் ஆளாக உயர்வது அவ்வில்லையினால்தான்.

8. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய செய்திகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, ஒலியொப்புமையால் வரும் மயக்கம். வங்காளப் 'பியன்' அலுவலக ஏவலரை மட்டுமன்றி அஞ்சற்காரரையும் குறிக்கும். தமிழ்ப் 'பியூன்' அஞ்சற்காரரைக் குறிப்பதில்லை. கிராமத்து வீட்டுக் கதவைத் தட்டி மடல் தரும் வங்காளப் பியனைத் தமிழில் பியூன் என்றால், வாசகர் அரசு அலுவலகம் ஒன்றைத் தேடுவார். 'ஆமின்' என்பதும் இத்தகையதே. வங்காளத்தில் அவர் நிலத்தை அளப்பவர். தமிழில் 'அமீனா' நீதிமன்ற ஆணையை நிறைவேற்றுபவர்.

இரண்டாவது, பேயாதாவுக்கும் சப்ராசிக்கும் உள்ள வேறுபாடு. வங்காளக் கதைகளில் பேயாதா பெரும்பாலும் ஜமீந்தாரின் ஆள் அல்லது நீதிமன்றத்தின் ஆள். அவர் வந்தால் குடியானவர் அஞ்சுவர். அவரது சொல்லில் படைவீரனின் நிழல் இன்னும் உண்டு. சப்ராசி அரசு அலுவலகத்திற்கு உரியவர். முன்னவரை இடத்திற்கேற்ப 'ஜமீன் சேவகர்', 'அமீனா' எனவும், பின்னவரை 'வில்லைச் சேவகர்' அல்லது 'டவாலிச் சேவகர்' எனவும் தருதல் தகும்.

மூன்றாவது, உவமைப் பயன்பாடு. 'கதாம்ருத'ச் சப்ராஸை 'அனுமதி' என்றோ 'ஆணை' என்றோ பொதுச்சொல்லால் தந்தால், கண்ணால் காணத்தக்க தகடு மறைந்து உவமை நலிகிறது. 'வில்லை' என்பது தகட்டைக் காட்டும், அதிகாரத்தையும் உணர்த்தும்.

நான்காவது, 'தூதன்' என்னும் சொல். அது பேசும் உரிமையுடையவரைக் குறிக்கும். ஓலை மட்டும் கொண்டுசெல்பவரைத் தூதன் என்பது அவருக்கு இல்லாத குரலைத் தருவதாகும்.

9. முடிவுரை

அலுவலகத் தூதுவரின் பெயர்கள் கால், படைக்கலம், வேலை, வில்லை என்னும் நான்கு அடிப்படைகளில் அமைந்தவை. முதலிரண்டும் அவரை வீரராகக் கண்டன. இறுதி அடிப்படை அவரைத் தகட்டின் தாங்கியாகக் கண்டது.

அண்மைக்காலப் பெயர்மாற்றங்களையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். தமிழக அரசு அலுவலகங்களில் 'அலுவலக உதவியாளர்' என்னும் பெயர் வழங்குகிறது. 'சேவகன்' என்பதன் ஆண்பால் ஈறு இதில் இல்லை. 'டபேதார்' என்பதிலும் அது இல்லை. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் முதன்முறையாகப் பெண் ஒருவர் அப்பணியை ஏற்றபோது சொல்லை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. நடுவண் அரசில் 2008-இன் ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 'நான்காம் பிரிவு' நீக்கப்பட்டு, பியூன் முதலிய பதவிகள் 'பல்பணி ஊழியர்' என்னும் ஒரே பெயரின்கீழ் வந்தன. கடைநிலை என்னும் இழிவைப் பெயரிலிருந்து அகற்றும் நோக்கம் இதில் தெளிவு. ஆயின், 'பல்பணி' என்பதன் பொருள் எவ்வேலையும் செய்தல் என்பதே; 'ஹர்கரா' என்னும் சொல்லின் பொருளும் அதுவே. வில்லை நீங்கிய இடத்தில் வேலை திரும்பியுள்ளது. அதனைச் செய்பவரின் கடமை எல்லையைப் புதிய பெயரும் வரையறுக்கவில்லை.

எனவே, இச்சொற்களை ஒன்றற்கொன்று ஈடாகக் கொள்ளுதல் வரலாற்றை அழிப்பதாகும். மறைந்துவரும் 'வில்லைச் சேவகன்', 'டலாயத்து', 'டவாலி' போன்றவற்றை அகராதியிலிருந்து மீட்டு மொழிபெயர்ப்பில் உரிய இடத்தில் ஆள்வதே, அப்பெயர்களைத் தாங்கி நின்றோர்க்கும் மூலநூலுக்கும் மொழிபெயர்ப்பாளர் செய்யும் நேர்மையாகும்.